எல்லை தாண்டாத எரிபொருள், எல்லை தாண்டும் விலை

உலகில் இன்று ஆண்டுக்கு 10,000 கோடி லிட்டருக்கும் மேல் எத்தனால் தயாராகிறது. அதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு அமெரிக்காவிலும் பிரேசிலிலும் உற்பத்தியாவது. அமெரிக்காவில் அது பெரும்பாலும் மக்காச்சோளத்திலிருந்து வருகிறது; பிரேசிலில் கரும்பிலிருந்து. இவ்வளவு பெரிய அளவில் தயாராகும் பொருளில் கப்பலேறி வேறு நாட்டுக்குப் போவது சிறு பங்குதான். மற்றதெல்லாம் தயாரான நாட்டிலேயே பெட்ரோலோடு கலந்து எரிந்து தீர்கிறது.

உள்நாட்டிலேயே எரியும் ஒரு பொருளுக்கும் பன்னாட்டு வேளாண் வர்த்தகத்துக்கும் என்ன உறவு? எத்தனால் நாட்டுக்குள்ளேயே தங்கிவிடலாம். ஆனால் எத்தனாலாக மாறாமல் இருந்திருந்தால் அந்த மக்காச்சோளம் எங்கோ ஒரு துறைமுகத்துக்குப் போயிருக்கும். அங்கே காத்திருந்தவர் இப்போது வேறொரு நாட்டிடம், வேறொரு விலைக்கு வாங்க வேண்டும். எத்தனாலைப் பற்றிய வர்த்தகச் செய்திகளில் பாதி, எத்தனால் என்ற பெயரே இல்லாமல் தானியச் செய்தியாகவும் சர்க்கரைச் செய்தியாகவும் தீவனச் செய்தியாகவும்தான் வருகின்றன.

ஆலைக்குள் என்ன நடக்கிறது

எத்தனால் என்பது சாராயத்தில் இருக்கும் அதே ஆல்கஹால்தான். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளிவிடும். கரும்புச் சாற்றிலும், சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் மொலாசஸிலும் சர்க்கரை ஏற்கெனவே இருப்பதால் நேராக நொதிக்க வைக்கலாம். மக்காச்சோளம், கோதுமை, அரிசி, மரவள்ளி போன்றவற்றில் இருப்பது மாவுச்சத்து. அதை முதலில் நொதிகளைக் கொண்டு சர்க்கரையாக உடைக்க வேண்டும். பிறகு நொதித்தல், காய்ச்சி வடித்தல். வடித்தலால் மட்டும் சுமார் 95 சதவீதத் தூய்மையைத் தாண்ட முடியாது. எஞ்சிய நீரைத் தனியாக உறிஞ்சி எடுத்த பிறகுதான் அது பெட்ரோலோடு கலக்கத் தகுதி பெறும்.

ஒரு டன் மக்காச்சோளத்திலிருந்து ஏறத்தாழ 400 லிட்டர் எத்தனால் கிடைக்கும். கூடவே சுமார் 300 கிலோ தீவனமும் கிடைக்கும். ஈஸ்ட் மாவுச்சத்தை மட்டும்தான் எடுத்துக்கொள்கிறது. புரதம், கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் அடியில் தங்கிவிடும். அதை உலர்த்தி மாட்டுக்கும் பன்றிக்கும் கோழிக்கும் போடுகிறார்கள். வணிகத்தில் இதற்கு டி.டி.ஜி.எஸ். என்று பெயர். அமெரிக்க மக்காச்சோளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் எத்தனால் ஆலைகளுக்குப் போகிறது என்ற புள்ளிவிவரத்தைப் படிக்கும்போது இந்தத் தீவனத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆலைக்குப் போனதில், எடைக் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு கால்நடைகளுக்கே திரும்பி வருகிறது. எத்தனாலைத் தாக்குபவர்கள் இதைச் சொல்ல மறந்துவிடுவார்கள். ஆதரிப்பவர்கள் இதை மட்டுமே சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

கரும்பில் மிஞ்சுவது சக்கை. அதை எரித்தே ஆலைக்கு வேண்டிய நீராவியும் மின்சாரமும் கிடைத்துவிடும். மக்காச்சோள ஆலைகள் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவை வெளியிலிருந்து வாங்கி எரிப்பவை. அதனால் ஒரு லிட்டர் எத்தனால் எடுக்கச் செலவாகும் புதைபடிவ எரிபொருளின் அளவில் கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் இடையே பெரிய இடைவெளி உண்டு. இந்த வேறுபாடே ஒரு வினோதமான வர்த்தகத்தை உருவாக்கியது. அதைப் பின்னால் பார்ப்போம்.

இன்னொரு செய்தி. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். மைலேஜ் குறையும். மறுபுறம் ஆக்டேன் மதிப்பு அதிகம். இன்ஜினில் எரிபொருள் நேரம் தவறி வெடிக்காமல் இருக்கப் பெட்ரோலில் எதையாவது சேர்த்தாக வேண்டும். அந்த வேலைக்கு எத்தனால் நன்றாகப் பொருந்துகிறது. அமெரிக்காவில் அதற்கு முன்பு எம்.டி.பி.இ. என்ற வேதிப்பொருளைக் கலந்துவந்தார்கள். அது நிலத்தடி நீரில் கலந்து மாசுபடுத்தியதால், 2006-ஐ ஒட்டி எண்ணெய் நிறுவனங்கள் அதைக் கைவிட்டு எத்தனாலுக்கு மாறின.

அரசுகள் ஏன் இதில் இறங்கின

சொல்லப்படும் காரணங்கள் மூன்று: எண்ணெய் இறக்குமதியைக் குறைப்பது, கரியமில வாயுவைக் குறைப்பது, உழவர் வருமானத்தை உயர்த்துவது. எந்த நாட்டின் அறிவிப்பை எடுத்தாலும் இம்மூன்றும் இருக்கும். என் பார்வையில் மூன்றாவதுதான் மற்ற இரண்டையும் சுமந்து செல்கிறது. எண்ணெய் விலை விழுந்த காலங்களிலும் கலப்புத் திட்டங்கள் கைவிடப்படாமல் நின்றதற்கு விவசாயத் தொகுதிகளின் வாக்குகள் ஒரு முக்கியக் காரணம்.

பிரேசில் 1973-ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடியில் அடிபட்டது. 1975-இல் ‘ப்ரோஆல்கூல்’ என்ற தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. அந்த நேரத்தில் சர்க்கரை விலையும் சரிந்துகொண்டிருந்ததால், விற்காத கரும்புக்கு வழி தேடிக்கொண்டிருந்த ஆலைகளுக்கு இது கைகொடுத்தது. அமெரிக்கா 2005-இல் ஒரு சட்டம் இயற்றி, 2007-இல் அதை விரிவாக்கியது. அதன்படி 2022-க்குள் ஆண்டுக்கு 3,600 கோடி காலன் (ஒரு காலன் சுமார் 3.8 லிட்டர்) உயிரி எரிபொருள், அதாவது பயிர் போன்ற உயிர்ப்பொருளிலிருந்து எடுக்கும் எரிபொருள், பெட்ரோல், டீசலோடு கலக்கப்பட வேண்டும். அதில் மக்காச்சோள எத்தனால் போன்ற வழக்கமான வகைக்கு 1,500 கோடி காலன் வரை இடம். மீதியில் பெரும்பகுதி வைக்கோல், தட்டை, புல் போன்றவற்றின் செல்லுலோஸிலிருந்து வரும் என்று சட்டம் எதிர்பார்த்தது. அந்தத் தொழில்நுட்பம் வணிக அளவில் கைகூடவில்லை. மக்காச்சோளப் பங்கு மட்டும் சொன்னபடி நிரம்பியது.

கட்டாயக் கலப்பு என்னும் விதி

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் புரிந்துகொண்டால் போதும் என்றால் அது இதுதான். ஒரு பொருளுக்குத் தட்டுப்பாடு வரும்போது விலை ஏறும். விலை ஏறும்போது ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சம் வாங்குவதைக் குறைப்பார்கள். அப்படித்தான் சந்தை தட்டுப்பாட்டைப் பகிர்ந்துகொள்கிறது. ஆனால் அரசு ‘இத்தனை லிட்டர் கலந்தே தீர வேண்டும்’ என்று சட்டம் போட்டுவிட்டால், அந்த வாங்குபவர் விலையைப் பார்ப்பதில்லை. பந்தியின் முதல் வரிசையை ஒருவருக்கே ஒதுக்கிவிட்டால், சோறு குறைந்துபோகும் நாளில் கடைசி வரிசையில் இருப்பவர்தான் பசியோடு எழுவார். எத்தனாலுக்கு முதல் வரிசை என்றால், கால்நடை வளர்ப்போருக்கு நடு வரிசை. வெளிநாட்டு இறக்குமதியாளருக்குக் கடைசி.

2012-இல் இது கண்முன் நடந்தது. அந்தக் கோடையில் அமெரிக்க மக்காச்சோள வட்டாரத்தை அரை நூற்றாண்டில் காணாத கடும் வறட்சி தாக்கியது. ஆகஸ்டில் ஒரு புஷலின் விலை 8 டாலரைத் தாண்டியது. ஒரு புஷல் என்பது சுமார் 25 கிலோ. 2005-இல் அதே அளவு ஏறக்குறைய 2 டாலருக்குக் கிடைத்தது. ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பின் தலைவராக இருந்த ஹோசே கிராசியானோ டா சில்வா, கலப்பு விதியைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும்படி வெளிப்படையாகக் கேட்டார். பல மாநில ஆளுநர்களும் கால்நடை வளர்ப்போரும் விதிவிலக்கு கோரினார்கள். நவம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அந்தக் கோரிக்கையை மறுத்துவிட்டது.

அந்தப் பருவத்தின் கணக்கைப் பாருங்கள். எத்தனாலுக்குப் போன மக்காச்சோளம் அதற்கு முந்தைய பருவத்தைவிடச் சுமார் 7 சதவீதம் குறைந்தது. ஏற்றுமதியோ பாதிக்கும் கீழே விழுந்தது: 154 கோடி புஷலிலிருந்து 73 கோடி புஷலுக்கு. வறட்சியின் சுமையில் பெரும்பங்கை ஏற்றது அமெரிக்க மக்காச்சோளத்தை நம்பியிருந்த வெளிநாடுகள்.

இதற்கு எத்தனால் ஆதரவாளர்கள் ஒரு நியாயமான பதில் சொல்வார்கள். விதியைத் தளர்த்தியிருந்தாலும் எண்ணெய் நிறுவனங்கள் உடனே எத்தனாலை விட்டிருக்க மாட்டா. ஆக்டேனுக்கு அது தேவைப்பட்டது, மாற்றுப் பொருள் விலை அதிகம். மேலும் முந்தைய ஆண்டுகளில் விதிக்கு மேல் கலந்ததற்கான வரவுச் சான்றுகளை நிறுவனங்கள் சேமித்து வைத்திருந்ததால் விதி முழு இறுக்கமாகவும் இல்லை. இரண்டும் சரிதான். என்றாலும் அந்த ஆலைகளும் கலப்புக் கட்டமைப்பும் அத்தனை வேகமாக எழுந்ததற்குச் சட்டமே அடிப்படை.

நிலம் யாருடையது

விலை உயர்ந்தால் உழவர்கள் அந்தப் பயிரைக் கூடுதலாக விதைப்பார்கள். 2006-இல் அமெரிக்காவில் 7.8 கோடி ஏக்கரில் மக்காச்சோளம் விதைக்கப்பட்டது. 2007-இல் அது 9.3 கோடி ஏக்கராக உயர்ந்தது. ஒரே ஆண்டில் ஒன்றரைக் கோடி ஏக்கர் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி சோயாவிடமிருந்து. சோயா 7.5 கோடியிலிருந்து 6.5 கோடிக்குக் கீழே இறங்கியது. உடனே சோயா விலை ஏறியது. சோயாவை உலகம் எங்கிருந்து வாங்கும்? அமெரிக்காவை விட்டால் பிரேசிலும் அர்ஜென்டினாவும்தான். அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் ஓர் உழவர் பயிர் மாற்றுவது, தென் அமெரிக்காவில் இன்னொருவர் புது நிலம் திருத்துவதற்கான தூண்டுதலாக முடியக்கூடும்.

2008-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வு இதைத்தான் கணக்கிட முயன்றது. மக்காச்சோள எத்தனாலுக்காக இடம்பெயரும் பயிர்கள் வேறு நாடுகளில் காட்டையும் புல்வெளியையும் அழித்து முளைத்தால், அதில் வெளியேறும் கரியமில வாயுவையும் எத்தனால் கணக்கில் சேர்க்க வேண்டும். சேர்த்தால் பெட்ரோலைவிட எத்தனால் மோசமாகிவிடும் என்றது அந்த ஆய்வு. இதற்கு மறைமுக நிலப் பயன்பாட்டு மாற்றம் என்று பெயர் வைத்தார்கள். பின்னால் வந்த பல கணிப்புகள் அந்த அளவைக் கணிசமாகக் குறைத்தன. சண்டை இன்னும் ஓயவில்லை, ஓயப்போவதும் இல்லை. ஏனெனில் இதை எந்த வயலிலும் போய் நேரடியாக அளக்க முடியாது. மாதிரிகளை வைத்துக் கணிக்கத்தான் முடியும். மாதிரியில் எந்த அனுமானத்தை வைக்கிறோமோ அதுவே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது.

பிரேசில் இந்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொண்ட விதம் தனிக் கதை. அங்கே சோயாவை அறுத்தவுடன் அதே நிலத்தில் அதே ஆண்டில் இரண்டாம் பயிராக மக்காச்சோளம் போடுகிறார்கள். அதற்கு ‘சஃப்ரின்யா’ என்று பெயர். சிறு அறுவடை என்று பொருள்படும் அந்தப் பெயர் இன்று சிரிப்பை வரவழைக்கும். பிரேசிலின் மக்காச்சோளத்தில் பெரும்பகுதி இப்போது அதிலிருந்துதான் வருகிறது. அமெரிக்கா தடுமாறிய 2012-13 பருவத்தில் மக்காச்சோள ஏற்றுமதியில் பிரேசில் முதன்முறையாக முதலிடம் பிடித்தது. இப்போது அதே மக்காச்சோளத்திலிருந்து மாட்டோ க்ரோசோ மாநிலத்தில் எத்தனால் ஆலைகள் வரிசையாக எழுகின்றன. வாங்குபவர்களுக்குப் புதிதாகத் திறந்த கதவின் முன்னாலும் ஆலை ஒன்று வந்து நின்றுவிட்டது.

உணவு விலையில் எத்தனாலின் பங்கு எவ்வளவு

2007 ஜனவரியில் மெக்சிகோ நகரில், அங்கே அன்றாட உணவான டோர்டில்லா என்ற மக்காச்சோள ரொட்டியின் விலை உயர்வை எதிர்த்துப் பல்லாயிரம் பேர் தெருவில் இறங்கினார்கள். ‘காருக்குத் தீனி, மனிதனுக்குப் பட்டினி’ என்ற வாதம் உலகம் முழுவதும் பரவியது. அதே ஆண்டு உணவு உரிமைக்கான ஐ.நா. சிறப்புப் பிரதிநிதி ஜீன் சீக்லர், உணவுப் பயிரை எரிபொருளாக்குவது மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்றார்.

மெக்சிகோ விஷயம் சற்றுச் சிக்கலானது. டோர்டில்லா வெள்ளை மக்காச்சோளத்தில் செய்வது. எத்தனாலுக்குப் போவது மஞ்சள் வகை. மஞ்சள் விலை ஏறியதும் தீவனம் வாங்குவோர் வெள்ளைக்குத் திரும்பினார்கள்; அதன்வழி விலை ஏறியது. இடைத்தரகர்கள் பதுக்கியதாகவும் குற்றச்சாட்டு இருந்தது. ஆகவே எத்தனால் மட்டும் குற்றவாளி என்று சொல்ல முடியாது. அதற்குத் தொடர்பே இல்லை என்றும் தள்ளிவிட முடியாது.

2007-08 உணவு விலையேற்றத்துக்கு எத்தனாலும், தாவர எண்ணெய் போன்றவற்றிலிருந்து எடுக்கும் பயோடீசலும் எவ்வளவு காரணம் என்ற கேள்விக்கு வந்த விடைகளின் வீச்சு ஆச்சரியப்படுத்தும். அமெரிக்க அரசு தரப்பு 2 முதல் 3 சதவீதம் என்றது. உலக வங்கிப் பொருளாதார அறிஞர் ஒருவரின் ஆய்வறிக்கை, உயிரி எரிபொருளும் அதன் பின்விளைவுகளும் சேர்ந்து 70 முதல் 75 சதவீதம் என்றது. இவ்வளவு வேறுபாடு எப்படி? முதலாவது, எல்லா உணவுப் பொருள்களின் சில்லறை விலையைப் பார்த்தது. இரண்டாவது, ஏற்றுமதிச் சந்தையில் வர்த்தகமாகும் உணவுப் பொருள்களின் விலையைப் பார்த்தது. கையிருப்புக் குறைந்ததையும், பயந்துபோன நாடுகள் ஏற்றுமதிக்குத் தடை போட்டதையும் அதே கணக்கில் சேர்த்துக்கொண்டது. வளர்ந்த நாட்டில் ஒரு பெட்டி தானிய உணவின் விலையில் தானியத்தின் பங்கு மிகச் சிறியது. ஏழை நாட்டில் தானியத்தை மூட்டையாக வாங்கிச் சமைப்பவருக்குத் தானிய விலைதான் உணவு விலை. இரண்டு எண்களும் தத்தம் கேள்விக்கு விடை. யாருடைய உணவைப் பற்றிய கேள்வி என்று பார்த்துவிட்டுத்தான் எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும்.

2011-இல் உலக வங்கி, உலக வர்த்தக அமைப்பு, ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு உள்ளிட்ட பன்னாட்டு நிறுவனங்கள் ஜி-20 நாடுகளுக்கு ஒரு கூட்டறிக்கை அளித்தன. உயிரி எரிபொருளுக்கான மானியத்தையும் கட்டாயக் கலப்பையும் நீக்குங்கள் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. ஜி-20 அமைச்சர்கள் அதை ஏற்கவில்லை. அந்தக் கூட்டத்தில் அமெரிக்காவும் பிரேசிலும் உட்கார்ந்திருந்தன என்பதை மறக்க வேண்டாம்.

சர்க்கரையா, எரிபொருளா

மக்காச்சோளத்தில் ஆலை ஒருமுறை எழுந்துவிட்டால் எத்தனால்தான் எடுக்க முடியும். பிரேசில் கரும்பாலைகள் பல அப்படியில்லை. ஒரே கரும்பிலிருந்து சர்க்கரையும் எடுக்கலாம், எத்தனாலும் எடுக்கலாம். எது லாபமோ அந்தப் பக்கம் சாற்றைத் திருப்பிவிடலாம். முழுக்க அல்ல, ஆனால் முக்கியக் கரும்பு வட்டாரத்தில் சர்க்கரைக்குப் போன பங்கு 2019-20 பருவத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியும், 2023-24-இல் பாதியை ஒட்டியும் இருந்தது. உலகச் சர்க்கரை ஏற்றுமதியில் முதலிடம் வகிக்கும் நாட்டில் இவ்வளவு ஊசலாட்டம் என்றால், கச்சா எண்ணெய் விலையைப் பார்க்காமல் சர்க்கரை விலையைக் கணிக்க முடியாது.

இந்த ஊசலாட்டத்தின் மறுமுனையில் பிரேசில் வாகன ஓட்டி இருக்கிறார். 2003-இல் பெட்ரோலிலும் எத்தனாலிலும் எந்த விகிதத்திலும் ஓடும் கார்கள் அங்கே வந்தன. பம்பில் இரண்டு எரிபொருளும் தனித்தனியே விற்பனையாகும். எத்தனால் விலை பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எத்தனால் லாபம், மேலே போனால் பெட்ரோல் லாபம் என்பது அங்கே பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அமெரிக்காவில் பெரும்பாலான பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால் கலந்தே வரும். ஓட்டுநருக்குத் தேர்வு செய்ய அதிகம் ஒன்றும் இல்லை. நெளிந்து கொடுக்கும் இந்தத் தன்மைதான் பிரேசில் முறையின் சிறப்பு என்பேன். அதுவும் ஓர் அடி வாங்கிய பிறகு வந்த அறிவு. 1980-களில் எத்தனாலில் மட்டுமே ஓடும் கார்கள் பெருமளவில் விற்றன. அந்தப் பத்தாண்டின் முடிவில் சர்க்கரை விலை ஏற, ஆலைகள் சர்க்கரைப் பக்கம் சாய, எத்தனால் கிடைக்காமல் வாகன ஓட்டிகள் வரிசையில் நின்றார்கள். அந்த வகைக் காரின் சந்தை அதோடு சரிந்தது.

எத்தனால் கப்பலேறும்போது

நேரடி எத்தனால் வர்த்தகம் சிறியது என்றாலும் அதன் விதிகள் வேடிக்கையானவை. பன்னாட்டுச் சுங்கப் பட்டியலில் எத்தனால், மதுபானங்களோடு சேர்ந்து 22-ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. அதனால் உலக வர்த்தக அமைப்பின் பார்வையில் அது வேளாண் பொருள். பயோடீசலோ வேதிப்பொருள்களின் வரிசையில், தொழிற்பொருளாக இருக்கிறது. வேளாண் பொருள்களுக்கு அதிக வரி விதிக்க நாடுகளுக்கு இடம் உண்டு. எத்தனாலுக்கு உயர்ந்த சுங்க வரிகள் நிலைத்திருப்பதற்கு இந்த வகைப்பாடு ஒரு காரணம்.

2011 முடியும்வரை அமெரிக்கா இறக்குமதி எத்தனால் மீது காலனுக்கு 54 சென்ட் கூடுதல் வரி போட்டிருந்தது; குறி பிரேசில்தான். ஆனால் கரீபிய நாடுகளுக்கு வரிச் சலுகை இருந்தது. எனவே பிரேசிலின் நீர் கலந்த எத்தனால் ஜமைக்கா போன்ற நாடுகளில் இறங்கி, அங்கே நீர் நீக்கப்பட்டு, கரீபியப் பொருளாகி, வரியில்லாமல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. ஒரு சுற்று சுற்றினால் வரி காணாமல் போகும் என்றால் கப்பல் சுற்றத்தான் செய்யும்.

அந்த வரி ஒழிந்த பிறகு இன்னும் விசித்திரம். கரும்பு எத்தனால் எடுக்கப் புதைபடிவ எரிபொருள் குறைவாகச் செலவாவதால், அமெரிக்கச் சட்டத்தில் அதற்கு ‘மேம்பட்ட’ வகை என்ற தகுதி உண்டு. எரிபொருளின் கரிம அளவைக் குறைக்கச் சொல்லும் கலிபோர்னியா விதியிலும் அதற்குக் கூடுதல் மதிப்பு. அதனால் பிரேசிலின் கரும்பு எத்தனால் அமெரிக்காவுக்குப் போக, பிரேசிலில் ஏற்பட்ட பற்றாக்குறையை நிரப்ப அமெரிக்காவின் மக்காச்சோள எத்தனால் பிரேசிலுக்குப் போனது. வேதியியலில் இரண்டும் ஒரே மூலக்கூறு. கரியமில வாயுவைக் குறைப்பதற்காக எழுதிய விதி, ஒரே பொருளை இரு திசையிலும் கப்பலில் ஏற்றி எண்ணெயை எரிக்க வைத்தது.

அமெரிக்காவில் உள்நாட்டுத் தேவை 10 சதவீதக் கலப்பைத் தொட்டு நின்றதும், மிஞ்சியதை விற்க வெளிச்சந்தை தேட வேண்டியதாயிற்று. 2013-இல் ஐரோப்பிய ஒன்றியம் அமெரிக்க எத்தனால் மீது டன்னுக்கு 62.30 யூரோ பொருள் குவிப்புத் தடுப்பு வரி (மலிவு விலையில் கொண்டுவந்து குவிப்பதைத் தடுக்கும் வரி) விதித்தது, 2019-இல் நீக்கியது. தீவனத்துக்கும் இதே கதி. 2015-இல் சீனா 60 லட்சம் டன்னுக்கும் மேல் டி.டி.ஜி.எஸ். வாங்கியது, 2017 தொடக்கத்தில் கடும் தடுப்பு வரிகளைப் போட்டதும் அந்த வணிகம் ஏறக்குறைய நின்றே போனது. சரக்கு மெக்சிகோவுக்கும் தென்கிழக்கு ஆசியாவுக்கும் திரும்பியது.

2025 மே மாதம் பிரிட்டனும் அமெரிக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் 140 கோடி லிட்டர் அமெரிக்க எத்தனால் வரியின்றி வர பிரிட்டன் இசைந்தது. அது பிரிட்டனின் மொத்தத் தேவைக்கு ஏறக்குறைய சமம். ஹல் நகருக்கு அருகே கோதுமையிலிருந்து எத்தனால் எடுத்துவந்த விவர்கோ ஆலை அதே ஆண்டு ஆகஸ்டில் மூடப்பட்டது. அந்த ஆலைக்குத் தீவனக் கோதுமை விற்றுவந்த உழவர்கள் வேறு சந்தை தேட வேண்டியிருந்தது. அதன் தீவனத்தை வாங்கிவந்த பால்பண்ணைகளும் அப்படியே. கார், எஃகு என்று பேசத் தொடங்கிய ஒப்பந்தத்தில் எத்தனால் விட்டுக்கொடுக்கப்பட்ட சில்லறை.

பெரிய நாடுகளின் தயக்கம்

சீனா 2017-இல், 2020-க்குள் நாடு முழுவதும் 10 சதவீதக் கலப்பு என்று அறிவித்தது. அப்போது அதன் கிடங்குகளில் பழைய மக்காச்சோளம் மலையாகக் குவிந்திருந்தது. கிடங்கு காலியானதும் 2020 தொடக்கத்தில் திட்டத்தை நிறுத்தி வைத்தது. கையிருப்பு மிகுந்தால் எரிபொருள், குறைந்தால் உணவு என்ற கணக்கு அது. முன்கூட்டியே இப்படி எழுதி வைத்த விதியாக அது இருந்திருந்தால் பாராட்டலாம். நடந்ததோ திடீர் அறிவிப்பும் திடீர் நிறுத்தமும்.

இந்தியா எதிர்த் திசையில் போனது. 20 சதவீதக் கலப்புக்கான 2030 இலக்கை முன்னே இழுத்து 2025-இல் எட்டியது. 2023 இறுதியில் கரும்பு விளைச்சல் குறையும் என்ற அச்சத்தில் கரும்புச் சாற்றை எத்தனாலாக்க அரசு கட்டுப்பாடு விதித்தது. சுமை மக்காச்சோளத்தின் மேல் ஏறியது. வியட்நாமுக்கும் வங்கதேசத்துக்கும் மலேசியாவுக்கும் மக்காச்சோளம் விற்றுவந்த நாடு, 2024-இல் மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் அதை வாங்கும் நாடாக மாறியது. கோழிப்பண்ணைத் துறை தீவன விலையைப் பற்றிக் குரல் எழுப்பியது. எண்ணெய் இறக்குமதியில் மிச்சப்பட்ட அந்நியச் செலாவணியைச் சொல்லும் அறிக்கைகளில் இந்தத் தானிய இறக்குமதி ஒரு வரியாகவாவது இடம்பெற வேண்டும். இன்னொரு முரணும் உண்டு: பெட்ரோலில் கலக்க அயல்நாட்டு எத்தனாலை இந்தியா அனுமதிப்பதில்லை, தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கு மட்டும் அமெரிக்காவிடமிருந்து பெருமளவில் வாங்குகிறது. உள்நாட்டு எத்தனால் காருக்குப் போக, இறக்குமதி எத்தனால் வேதித் தொழிலுக்குப் போகிறது.

அடுத்த சந்தை வானத்தில்

மின்சாரக் கார்கள் பெருகினால் பெட்ரோல் குறையும். பெட்ரோல் குறைந்தால் அதில் கலக்கும் எத்தனாலும் குறையும். ஆலைகளுக்கு இது தெரியும். அதனால் எத்தனாலை வேதிமாற்றம் செய்து விமான எரிபொருளாக்கும் தொழில்நுட்பத்தின் மேல் அவை கண் வைத்திருக்கின்றன. விமான எரிபொருளுக்குத் தரப்படும் வரிச் சலுகை, ஒவ்வொரு லிட்டரும் எவ்வளவு கரியமில வாயுவைக் குறைக்கிறது என்ற கணக்கைப் பொறுத்தது. அந்தக் கணக்கில் மறைமுக நிலப் பயன்பாட்டு மாற்றத்தைச் சேர்த்தால் மக்காச்சோள எத்தனால் தேர்வது கடினம், விட்டுவிட்டால் எளிது. 2025 ஜூலையில் நிறைவேறிய அமெரிக்க வரிச் சட்டம், தூய எரிபொருளுக்கான வரிச் சலுகையைக் கணக்கிடும்போது அந்தக் காரணியைச் சேர்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. கூடவே, 2026 முதல் அந்தச் சலுகை அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகிய மூன்று நாடுகளில் விளைந்த மூலப்பொருளுக்கு மட்டும் என்றும் வரையறுத்தது. பிரேசிலின் கரும்பு எத்தனாலைக் கப்பலில் கொண்டுவந்து அமெரிக்காவில் விமான எரிபொருளாக மாற்றலாம் என்று கணக்குப் போட்டிருந்தவர்கள் அந்த ஒரு வரியில் கணக்கைத் திரும்பப் போட வேண்டியதாயிற்று.